குதிரைக் காலுக்கு உறை: எதற்கு, எப்படி, எப்போது வேண்டாம்

குதிரையின் முன்காலில் முழங்காலுக்குக் கீழேயும், பின்காலில் குதிமூட்டுக்குக் கீழேயும் தசை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. தோல் இருக்கிறது, அதன் அடியிலேயே எலும்பு இருக்கிறது, எலும்புக்குப் பின்புறம் தசைநாண்கள் இறங்குகின்றன. சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது, ஒரு கால் தரையில் ஊன்றும் கணத்தில் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும் மேலடுக்குத் தசைநாணின் குறுக்குப் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வரும். அது கிழிந்தால் ஆற ஒன்பது மாதம், ஒரு வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஆறிய பிறகும் அங்கே இருப்பது தழும்புத் திசுதான். பழைய மீள்தன்மை திரும்புவதில்லை.

இதையெல்லாம் தெரிந்துவைத்திருப்பவர் அந்தக் காலை எதையாவது சுற்றிப் பாதுகாக்க நினைப்பது இயல்பு. சேணக் கடைக்குப் போனால் அந்த நினைப்புக்குத் தீனி போட நூறு வகை இருக்கிறது. தோல் உறை, நியோப்ரீன் உறை, கார்பன் இழை ஓடு, ஆட்டுரோம உள்வரி, ஃபிளீஸ் கட்டு, எலாஸ்டிக் கட்டு, குளம்புக்கு ரப்பர் மணி உறை, பயணத்துக்கு முழங்கால்வரை ஏறும் மெத்தை உறை. இவற்றில் எது என்ன செய்கிறது என்று கேட்டால் லாயத்துக்கு லாயம் பதில் மாறும். கால்நடை மருத்துவ ஆய்வுகளையும், போட்டி விதிகளையும், சயிஸ்கள் என்னும் குதிரைப் பராமரிப்பாளர்களின் கைப்பழக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு மட்டும் தெளிவாகத் தெரிகிறது: உறை அடியைத் தாங்கும், எடையைத் தாங்காது. இந்தக் கோட்டைத் தாண்டி உறையிடம் எதிர்பார்க்கும்போதுதான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன.

முதலில் அடியைப் பார்ப்போம். குதிரை தன் காலைத் தானே அடித்துக்கொள்ளும் விலங்கு. ஒரு காலை வீசும்போது எதிர்க்காலின் உட்புறத்தில் குளம்போ லாடமோ உரசும். கால் கோணலான குதிரையிடமும், களைத்த குதிரையிடமும், இன்னும் சமநிலை கற்காத இளங்குதிரையிடமும் இதை அதிகம் பார்க்கலாம். கணுமூட்டின் உட்பக்கத்தில் ரோமம் தேய்ந்திருக்கும், சின்னச் சின்னக் காயம் இருக்கும். அதற்கான உறையில் உட்புறம் மட்டும் தடித்த பட்டை வைத்திருப்பார்கள். இரண்டாவது வகை அடி மோசமானது. பின்காலின் குளம்பு முன்னால் எட்டி, முன்காலின் குதிப்பகுதியையோ, இன்னும் மேலே ஏறித் தசைநாணையோ வெட்டிவிடும். வேகத்திலும் தாண்டலிலும் சேற்றிலும் இது நடக்கும். குதிக்கு மணி உறை, தசைநாணுக்குப் பின்புறம் கடின ஓடு வைத்த உறை. மூன்றாவது, வெளியிலிருந்து வரும் அடி. தாண்டும்போது கட்டை, போலோவில் பந்தும் மட்டையும், திறந்தவெளி ஓட்டத்தில் அசையாத மரத்தடை, வண்டிப் பயணத்தில் சுவர்.

இந்த மூன்றுக்கும் உறை உதவுகிறது என்பதில் சண்டை இல்லை. கடினமான வெளி ஓடும் உள்ளே மென்மையான அடுக்கும் சேரும்போது, ஒரு புள்ளியில் விழும் அடி பரவி வலுவிழக்கிறது. கூரான லாட முனை தோலைத் தொடாமல் போகிறது. வெறும் ஃபிளீஸ் துணிக் கட்டு உரசலைத் தடுக்கும், சிராய்ப்பைத் தடுக்கும். அதைக் கூரிய லாடத்துக்கு எதிரான கவசமாக நினைத்துக்கொள்வது நல்லெண்ணம், அவ்வளவே. கவசத்துக்கு எடை என்ற விலையும் உண்டு. இடைக்கால ஐரோப்பியப் போர்க்குதிரைகளுக்குத் தலை, கழுத்து, மார்பு, புட்டம் என்று இரும்புக் கவசம் செய்தவர்கள்கூடக் கால்களைப் பெரும்பாலும் வெறுமையாகவே விட்டார்கள். காலின் நுனியில் ஏறும் ஒவ்வொரு கிராமும் முதுகில் ஏறும் கிராமைவிட அதிகச் சக்தியைக் கேட்கும் என்பது ஓடுகிற எந்த விலங்குக்கும் பொருந்துகிற கணக்கு. நனைந்த உறை எடை கூடிய உறை. ஆற்றைக் கடந்து ஓடப்போகும் குதிரைக்கு ஃபிளீஸ் கட்டக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

உறை எடையையும் தாங்கும் என்ற நம்பிக்கை கொஞ்சம் பிடிவாதமானது. இறுக்கமான கட்டோ, கணுமூட்டின் அடியில் பட்டை போட்டுத் தூக்கிக் கட்டும் 'ஸ்போர்ட்ஸ் மெடிசின்' வகை உறையோ தசைநாணுக்கு முட்டுக்கொடுக்கிறது, மூட்டு அதிகம் கீழே இறங்காமல் தடுக்கிறது என்கிறார்கள். விளம்பரங்களிலும் இந்தச் சொல்லாடல் தாராளமாக உண்டு. ஓடும் குதிரையின் கணுமூட்டுக் கோணத்தை அளந்த ஆய்வுகளின் முடிவு ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் மிகச் சிறிய குறைவு தெரிந்தது, சிலவற்றில் எந்த மாற்றமும் தெரியவில்லை. குறைவு தெரிந்ததும் நடையிலும் துள்ளோட்டத்திலும்தான். தசைநாண் கிழிவது பெரும்பாலும் நாலுகால் பாய்ச்சலில். ஒன்றேகால் டன் அளவுக்கு விசை இறங்கும் மூட்டை ஒரு வெல்க்ரோ பட்டை பிடித்து நிறுத்தும் என்று எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு மருத்துவத்திலிருந்தே ஒரு சான்று கிடைக்கிறது. எலும்பு முறிந்த குதிரையின் காலை அசையாமல் வைக்க வேண்டி வந்தால், கால்நடை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் கட்டு என்பதைப் போடுகிறார். வேல்ஸைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ஒருவரின் பெயரில் வழங்குவது அது. பஞ்சும் துணியும் மாறி மாறி அடுக்கடுக்காகச் சுற்றி, காலின் இயல்பான சுற்றளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனாக்க வேண்டும். அதன் மேல் மரச் சிம்போ குழாய்ச் சிம்போ வைத்துக் கட்டுவார்கள். நிற்கிற குதிரைக்கே இவ்வளவு தேவைப்படுகிறதென்றால், ஓடுகிற குதிரைக்கு ஒற்றை அடுக்குத் துணி முட்டுக்கொடுக்கிறது என்ற பேச்சை எங்கே வைப்பது?

முட்டுக்கொடுக்காவிட்டால் போகட்டும், கெடுதல் ஒன்றும் இல்லையே என்று சொல்ல முடியாது. வெப்பம் இருக்கிறது. ஓட்டத்தில் தசைநாண் நீண்டு சுருங்குகிறது. நீளும்போது சேர்த்த சக்தியில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, ஐந்து முதல் ஏழு சதவீதம் மட்டும் வெப்பமாக உள்ளேயே தங்குகிறது. தசைநாணின் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு, வெப்பத்தை அள்ளிக்கொண்டு போக ஆளில்லை. 1994-இல் வில்சன், குட்ஷிப் என்ற இரு ஆய்வாளர்கள் பாயும் குதிரைகளின் மேலடுக்குத் தசைநாணுக்குள்ளேயே வெப்பத்தை அளந்தார்கள். நடுப்பகுதியில் 45 டிகிரி செல்சியஸ்வரை ஏறியது. அந்த ஆய்வின் பொருள் உறை அல்ல. வெறும் ஓட்டமே அவ்வளவு சூட்டைக் கொடுக்கிறது. பிறகு தசைநாண் செல்களைத் தனியே எடுத்துச் சூடேற்றிப் பார்த்தபோது, 45 டிகிரியில் சிறிது நேரம் வைத்தால் பெரும்பாலானவை பிழைத்தன. அதற்கு மேல் சில டிகிரி ஏறியதும் சாவு வேகமாகக் கூடியது. பாதுகாப்புக்கென்று இடைவெளியே விடாமல் இயற்கை கட்டியது இந்தத் தசைநாண்.

உறைகள் இந்த இடத்தில் என்ன செய்கின்றன? உறை போட்ட காலின் தோல் வெப்பத்தை வெறுங்காலோடு ஒப்பிட்ட ஆய்வுகள் இப்போது பல இருக்கின்றன. ஏறத்தாழ எல்லாமே ஒரே திசையைக் காட்டுகின்றன. எதைப் போட்டாலும் சூடு கூடுகிறது, ஃபிளீஸ் கட்டிலும் மூடிய நியோப்ரீனிலும் கூடுதல், துளை வைத்த உறைகளில் குறைவு. நியோப்ரீன் என்பது நீர்மூழ்கி உடைக்குப் பயன்படும் பொருள், உடல் சூட்டை வெளியே விடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. ஓட்டம் முடிந்த பிறகு உறை கிடந்தால் காலின் சூடு இறங்கவும் தாமதமாகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: தோலில் அளந்த சூடும் தசைநாணின் நடுவில் இருக்கும் சூடும் ஒன்றல்ல. உறையால் ஏறிய தோல் சூடு எத்தனை குதிரைகளின் தசைநாணைக் கெடுத்தது என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. ஆனாலும் உள்ளே ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் உறுப்புக்கு வெளியிலிருந்தும் போர்வை போர்த்துவதற்கு உருப்படியான காரணம் வேண்டும். சென்னை போல வியர்வை காயாத ஊரில் அந்தக் காரணம் இன்னும் வலுவாக இருக்க வேண்டும். உறைக்குள் வியர்வையும் மணலும் சேர்ந்தால் தோல் புண்ணாவது தனிக் கதை.

சரி, காரணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாண்டலுக்குப் போகிறது, அல்லது காலை உரசும் பழக்கம் உள்ளது. எப்படி மாட்டுவது?

மாட்டுவதற்கு முன் காலைத் தடவிப் பார்ப்பது முதல் வேலை, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தவிர்ப்பதும் இதைத்தான். காலில் ஈரமோ, காய்ந்த சேறோ, ஒட்டிய வைக்கோல் துணுக்கோ இருக்கக் கூடாது. உறையின் உட்புறத்தையும் விரலால் துழாவ வேண்டும். ஒரு மணல் பரல் போதும், ஒரு மணி நேர ஓட்டத்தில் தோலைத் தேய்த்துவிடும். உறையை உரிய இடத்துக்குச் சற்று மேலே வைத்துக் கீழ்நோக்கி இழுத்து இறக்குவார்கள், ரோமம் படிந்து கிடக்க வேண்டும் என்பதற்காக. கீழிருந்து மேலே தள்ளினால் ரோமம் எதிர்த்து நின்று, அந்த இடம் அரிக்கும். பட்டைகள் காலின் வெளிப்பக்கம் வர வேண்டும், நுனிகள் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். உட்பக்கம் வந்தால் எதிர்க்காலின் குளம்பு அதில் மாட்டும். இடம் வலம் மாறி மாட்டிய உறை தூரத்திலிருந்தே தெரியும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் திட்டு இதற்காகத்தான் கிடைக்கும்.

பட்டைகளில் முதலில் நடுப்பட்டை, பிறகு மேல்பட்டை, கடைசியில் கீழ்ப்பட்டை என்று போடுவது நல்ல பழக்கம். நடுவைப் பிடித்துவிட்டால் உறை நழுவாது. கழற்றும்போது கீழிருந்து மேலே. குதிரை இடையில் மிரண்டு நகர்ந்தால் அரைகுறையாகத் தொங்கும் உறை குளம்பின் அடியில் போய் மிதிபடக் கூடாது. எல்லாப் பட்டைக்கும் ஒரே இறுக்கம் வேண்டும். ஒன்று தளர்ந்து ஒன்று இறுகினால், இறுகிய பட்டை தசைநாணின் மேல் ஒரு வரிபோல் அழுத்தும். உறைக்கும் காலுக்கும் இடையில் ஒரு விரல் உரசிக்கொண்டு நுழைய வேண்டும். விரல் தாராளமாகச் சுழன்றால் தளர்வு, நுழையவே மறுத்தால் இறுக்கம். நீளத்தையும் பார்க்க வேண்டும். மேல் விளிம்பு முழங்கால் மடிப்பில் இடிக்கக் கூடாது, கீழ் விளிம்பு கணுமூட்டு மடங்குவதைத் தடுக்கக் கூடாது. பெரிய குதிரைக்கு வாங்கிய உறையைச் சின்னக் குதிரைக்கு இறுக்கி மாட்டி ஒப்பேற்றுவது லாயங்களில் சகஜம். உறையின் ஓடு காலின் வளைவோடு பொருந்தாமல் இரண்டு விளிம்புகளில் மட்டும் நிற்கும். அதைவிட வெறுங்கால் மேல்.

மணி உறை வேறு சங்கதி. வெல்க்ரோ வைத்தது சுலபம், ஆனால் சேற்றில் பிடிவிடும். பட்டையில்லாத ரப்பர் உறையை உள்வெளியாகப் புரட்டி, அகலமான வாய் மேலே இருக்கும்படி குளம்பின் முனையில் மாட்டி, பலங்கொண்ட மட்டும் இழுத்து ஏற்றிவிட்டுப் பிறகு கீழே மடக்க வேண்டும். குளிர்நாட்டில் வெந்நீரில் போட்டு இளக்குவார்கள். நம் வெயிலில் அதற்கு வேலையில்லை. பின்புறம் குதியின் மென்பகுதி முழுதும் மூடியிருக்க வேண்டும், ஆனால் தரையில் இழுபடும் நீளம் ஆபத்து, பின்கால் அதை மிதித்தால் குதிரை குப்புற விழும்.

துணிக் கட்டுக்குக் கைத்திறன் வேண்டும். ஃபிளீஸ் கட்டு ஒன்று ஏறத்தாழ 2.7 மீட்டர் நீளம் இருக்கும். இடக்காலுக்குக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலும், வலக்காலுக்கு முள்ளின் திசையிலும் சுற்றுவது மரபு. அப்படிச் சுற்றினால் வெளிப்பக்கத்தில் முன்னிருந்து பின்னாகப் போய், தசைநாணின் மேல் வெளியிலிருந்து உள்ளாகத் திரும்பும். எதிர்த்திசையில் சுற்றினால் தசைநாண் பிசகிவிடும் என்று மூத்தவர்கள் அழுத்திச் சொல்வார்கள். ஆனால் திசையைவிட இறுக்கத்தின் சீர்மைதான் முக்கியம் என்பது என் தரப்பு. தொடங்கும் நுனியைத் தசைநாணின் மேல் வைக்கக் கூடாது, எலும்பின் பக்கவாட்டில் வைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். இழுக்க வேண்டுமென்றால் எலும்பு இருக்கும் முன்பக்கத்தில் இழுக்கலாம், பின்பக்கத்தில் கை தளர வேண்டும். கணுமூட்டின் அடியில் ஏந்தல்போல் ஒரு சுற்று கொடுத்து, முன்னால் தலைகீழ் 'வி' வடிவம் விழும்படி மேலே ஏறி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கத்தில் முடிக்கலாம்.

இரவில் லாயத்தில் நிற்கும் குதிரைக்குப் போடும் கட்டு இன்னும் கவனம் கேட்பது. எலாஸ்டிக் துணியை நேரடியாகத் தோலின் மேல் சுற்றவே கூடாது. கீழே இரண்டு சென்டிமீட்டராவது தடித்த பஞ்சு மெத்தை வேண்டும், மெத்தையின் மேல் கீழ் விளிம்புகள் கட்டுக்கு வெளியே தெரிய வேண்டும். இல்லையென்றால் கட்டின் விளிம்பு தசைநாணை அறுப்பதுபோல் அழுத்தி, காலையில் அவிழ்க்கும்போது வீக்கம் நிற்கும். ஓடிக் கிழிந்ததல்ல, கட்டிக் கெடுத்தது. அந்த வீக்கத்தை மறைக்க மறுநாளும் கட்டு போடுபவர்கள் உண்டு.

விதிப்புத்தகங்கள் இதே கேள்வியை வேறு கோணத்தில் பார்க்கின்றன. அவற்றின் கவலை பாதுகாப்பு மட்டுமல்ல, ஏமாற்றும்கூட. தாண்டல் போட்டியில் பின்காலைக் குதிரை உயரத் தூக்கினால் கட்டை விழாது. பின்காலில் இறுக்கமான உறை மாட்டினால், அந்த உறுத்தலில் குதிரை காலை உதறி மேலே தூக்கும் என்பதைச் சிலர் கண்டுகொண்டார்கள். பாதுகாப்புக் கருவி வதைக் கருவியானது. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.ஈ.ஐ. இதைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தி, 2021 ஜனவரி 1 முதல் எல்லாத் தாண்டல் போட்டிகளுக்கும் பின்கால் உறை விதியைக் கொண்டுவந்தது. உள்நீளம் 16 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கட்டும் பட்டை குறைந்தது 5 சென்டிமீட்டர் அகலம் வேண்டும், உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். ஒரு காலில் மாட்டும் எல்லாவற்றின் மொத்த எடைக்கு 500 கிராம் உச்சவரம்பும் உண்டு, லாடம் இதில் சேராது. எடையைக் கட்டிப் பழக்கினால் குதிரை காலை மிகையாகத் தூக்கும், அதைத் தடுக்கத்தான்.

கால் தோலின் உணர்வைக் கூர்மையாக்கும் தந்திரம் உறையோடு நிற்கவில்லை. 2008 பீஜிங் ஒலிம்பிக்கின் குதிரையேற்றம் ஹாங்காங்கில் நடந்தது. தாண்டலில் நான்கு குதிரைகளின் பரிசோதனையில் கேப்சைசின் தென்பட்டது. மிளகாயின் காரம்தான் அது. வலி மருந்தாகவும் பயன்படும், தோலில் பூசினால் தொட்டாலே எரியும்படியும் செய்யும். இரண்டு காரணத்துக்காகவும் அது தடைப் பட்டியலில் இருந்தது. பூசியவர்களின் நோக்கம் எதுவாக இருந்தாலும், நார்வே அணி தன் வெண்கலத்தை இழந்தது. 2012 லண்டனில் கனடாவின் விக்டர் என்ற குதிரை, ஒரு காலில் குளம்பின் மேல் விளிம்பருகே தொட்டால் கூசுகிறது என்று போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. யாரும் தவறு செய்ததாகக் குற்றம் சாட்டவில்லை. ஆனாலும் விலக்கினார்கள். அந்த முடிவு இன்றும் சர்ச்சைக்குரியது.

நடைப் பயிற்சிப் போட்டியான டிரெஸ்ஸாஜில் எஃப்.ஈ.ஐ. விதி சுருக்கமானது: போட்டிக் களத்தில் காலில் உறையும் கட்டும் கூடவே கூடாது, சூடேற்றும் மைதானத்தில் இருக்கலாம். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் அணிப் பிரிவில் இந்தியா தங்கம் வென்றபோது, நம் குதிரைகளும் மற்ற நாட்டுக் குதிரைகளும் வெறுங்காலுடன்தான் ஆடின. போலோவில் நேர்மாறு. பிரிட்டனின் ஹர்லிங்ஹாம் சங்க விதிப்படி ஆடும் குதிரையின் நான்கு கால்களுக்கும் கட்டோ உறையோ கட்டாயம். மட்டை வீசும் களத்தில் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. பந்தயத்தில் கட்டு ஒரு செய்தியாகவும் ஆகிறது. அமெரிக்காவின் டெய்லி ரேசிங் ஃபார்ம் இதழ், முன்கால் கட்டுடன் ஓடிய குதிரையின் பதிவில் 'எஃப்' என்ற எழுத்தைச் சேர்க்கிறது. பணம் கட்டுபவர் அதைப் பார்த்து, காலில் ஏதோ கோளாறு என்று ஊகிக்கலாம், வெறும் முன்னெச்சரிக்கை என்றும் ஊகிக்கலாம்.

மேய்ச்சல் நிலத்தில் விடும் குதிரைக்கு உறை தேவையா? என் பதில் பெரும்பாலும் வேண்டாம். தன் காலைத் தானே வெட்டிக்கொள்ளும் குதிரைக்கு மட்டும் மணி உறை சரி. மற்றவற்றுக்கு மணிக்கணக்கில் கிடக்கும் உறை நழுவும், நனையும், மடியும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சமதளத்தில் நிதானமாக நடை பழகும், உரசல் பழக்கமில்லாத குதிரைக்கும் வெறுங்காலே போதும். வண்டிப் பயணத்தில் உயரமான மெத்தை உறை நல்லதுதான், ஆனால் அதற்குப் பழகாத குதிரை முதல் தடவை காலை உதறி உதறி நடக்கும். பயண நாளன்று அதைத் தொடங்காமல், முந்தைய சில நாட்களில் லாயத்துக்குள் மாட்டி நடக்கவிட வேண்டும்.

ஓட்டம் முடிந்ததும் உறையைக் கழற்றுவது பிந்தக் கூடாது. குதிரை மூச்சு வாங்கும் நேரத்தில் காலை வெறுமையாக்கிக் குளிர்ந்த நீரைப் பின்பக்கம் ஓடவிட்டுவிட்டு, உலர்த்தி, இரு உள்ளங்கைகளாலும் ஒரே நேரத்தில் இரு கால்களையும் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் சூடாக இருந்தால், ஒரு பக்கம் தசைநாண் விளிம்பு கூர்மையின்றி மழுங்கியிருந்தால், அன்றே மருத்துவரை அழைப்பது நல்லது. உறைகளை அலசி நிழலில் காயவைக்கலாம். வெயிலில் காய்ந்த நியோப்ரீன் விறைத்து வெடிக்கும், வெல்க்ரோவில் சிக்கிய ரோமத்தைப் பழைய சீப்பால் வாரி எடுக்காவிட்டால் இரண்டே வாரத்தில் பிடிவிடும். ஒரு குதிரையின் உறையை இன்னொன்றுக்கு மாட்டினால் படர்தாமரை போன்ற தோல் நோய்கள் லாயம் முழுக்கப் பரவும், அதனால் ஒவ்வோர் உறையின் உட்புறத்திலும் குதிரையின் பெயரையும், முன்னா பின்னா, இடமா வலமா என்பதையும் மார்க்கர் பேனாவால் எழுதிவைக்கிறார்கள்.